ஓர் எட்டு பின்னால்

1998 ஜூலை 8. பாரிசை ஒட்டிய சேன்-தெனியில், அந்த ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த ஸ்டாட் தெ ஃபிரான்ஸ் அரங்கில் உலகக் கோப்பை அரையிறுதி. பிரான்சும் குரோஷியாவும் முதல் பாதியைக் கோல் இல்லாமல் முடித்திருந்தன. இடைவேளை கழிந்து வந்து ஒரு நிமிடம் முழுதாக ஓடவில்லை. நடுக்களத்தில் பந்தோடு குரோஷியாவின் அசனோவிச் தலைநிமிர்ந்து பார்க்கிறார். பிரான்சின் பின்வரிசை நால்வரில் மூவர் முன்னால் ஏறிவிட்டார்கள். வலது ஓரத்தில் நின்றவர் மட்டும் ஏறவில்லை. தாவோர் சூகரை அந்தக் கணத்தில் ஆஃப்சைடு ஆகாமல் காப்பாற்றியது அவர் நின்ற இடம்தான். பந்து வந்தது, சூகர் கோல்கீப்பர் பார்டெஸைத் தாண்டி அடித்தார்.

ஆட்டக் குறிப்பில் கோல் அடித்தவருக்கு இடம் உண்டு, நிமிடத்துக்கு இடம் உண்டு, பாஸ் கொடுத்தவருக்கும் இப்போதெல்லாம் இடம் உண்டு. ஏறாமல் நின்றுவிட்டவருக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் மறு ஒளிபரப்பில் முதலில் தேடுவது அவரைத்தான். அந்த உலகக் கோப்பை முழுவதிலும், ஏழு ஆட்டங்களில், பிரான்ஸ் வாங்கியது இரண்டே கோல்கள். ஒன்று டென்மார்க்குக்குக் கிடைத்த பெனால்டி. மற்றது இது. ஆட்டத்தின் ஓட்டத்தில் பிரான்சின் வலைக்குள் பந்து போனது இந்த ஒரே முறை. அதற்கு வழிவிட்டவர் லிலியான் துராம்.

அடுத்த நிமிடமே குரோஷியாவின் போபன் தன் பெட்டிக்கு அருகில் பந்தை வைத்துக்கொண்டு தாமதித்தார். துராம் வந்து பறித்தார். சகவீரர் ஜோர்காயெஃபுக்குத் தட்டிவிட்டு, திரும்ப வாங்கி, ஓடிய வேகத்திலேயே வலது காலால் அடித்தார். சமன். எழுபதாவது நிமிடத்தை ஒட்டி மறுபடியும் அவர். குரோஷியாவின் யார்னியோடு மல்லுக்கட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு, பெட்டியின் விளிம்பிலிருந்து, தன் பலமான கால் அல்லாத இடது காலால் வளைத்து அடித்தார். பந்து தூர மூலையில் போய் விழுந்தது. பிறகு முழங்காலிட்டு, விரலை உதட்டில் வைத்து, ஏதோ கணக்குப் புரியாத மாணவனைப் போல உட்கார்ந்தார். சகவீரர்கள் வந்து மேலே விழும்வரை அந்த நிலை மாறவில்லை. பிரான்ஸ் 2-1 என வென்று, நான்கு நாள் கழித்து பிரேசிலையும் 3-0 என வென்று கோப்பையை எடுத்தது.

1994 ஆகஸ்டிலிருந்து 2008 ஜூன் வரை துராம் பிரான்சுக்காக ஆடியது 142 ஆட்டங்கள். அவற்றில் அடித்த கோல்கள் 2. இரண்டும் அந்த இரவில், அரை மணி நேரத்துக்குள். அந்தக் கோல்களை இன்று இணையத்தில் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதி 141 ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல். அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. உலகின் தலைசிறந்த பின்கள வீரர்களில் ஒருவரை, அவர் தன் இடத்தைவிட்டு வெளியே போன இரண்டு தருணங்களுக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

தடுப்பாட்டத்தில் பாதிக்கு மேல் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. எதிரி ஓரத்தில் பந்தோடு வரும்போது நேராக முகம் காட்டி நிற்கக் கூடாது. உடம்பை அரைவாசி திருப்பி, அவனுக்கு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைக்க வேண்டும். திறந்த பக்கம் கோடாக இருந்தால் நல்லது, அவனுடைய பலவீனமான காலாக இருந்தால் இன்னும் நல்லது. அவன் தானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு நீங்கள் காட்டிய வழியில் போவான். இதற்கிடையில் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும்: பின்னால் யார் ஓடுகிறார்கள், தன் ஆள் எங்கே, கோல்கீப்பர் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறார். காலை நீட்டிச் சறுக்கிப் பந்தைப் பறித்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் சறுக்கியவன் தரையில் கிடக்கிறான். பந்து தப்பினால் அவன் ஆட்டத்தில் இல்லை. நல்ல பின்கள வீரரின் சட்டை ஆட்ட முடிவில் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். துராம் பெரிய உடம்புக்காரர், வேகமும் இருந்தது, தேவைப்பட்டால் சறுக்கவும் தெரியும். இருந்தும் அவரிடம் என்னை ஈர்த்தது அந்த நிதானம். எதிரி முடிவெடுக்கும்வரை தன் முடிவைத் தள்ளிவைக்கும் பொறுமை.

அவர் தொழிலுக்கு வந்த காலமோ பின்கள வீரர்களுக்கு எதிராகச் சட்டங்கள் சாய்ந்துகொண்டிருந்த காலம். இத்தாலியில் நடந்த 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்கள், அதைவிட வறண்ட உலகக் கோப்பை இன்றுவரை நடக்கவில்லை. ஃபிஃபா விழித்துக்கொண்டது. தாக்குகிறவர் கடைசிப் பின்கள வீரருக்கு நேர்க்கோட்டில் நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று அந்த ஆண்டே விதி மாறியது. 1992இல் இன்னும் பெரிய மாற்றம்: சகவீரர் காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. நெருக்கடி வந்தால் பந்தைப் பின்னால் தட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கே அது பேரிடி. 1998 உலகக் கோப்பைக்கு முன்பு, பின்னாலிருந்து ஆபத்தாகச் சறுக்கி இடிப்பவருக்குச் சிவப்பு அட்டை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முரட்டுத்தனத்தால் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல ஓரம் போனார்கள். இருபது வயதில் இந்த விதிகளோடு வளர்ந்த துராம் போன்றவர்கள், காலால் செய்ததைக் கண்ணால் செய்யக் கற்றார்கள்.

பின்வரிசை என்பது தனி ஆள் வேலையும் இல்லை. சப்பரம் தூக்குகிறவர்களைப் போல நால்வரும் ஒரே எட்டில் நடக்க வேண்டும்; ஒருவர் சுணங்கினால் சாமியே சாயும். பிரான்சின் அந்த நால்வர் துராம், லோரன் பிளான், மார்செல் டெசாயி, பிஸெண்ட் லிஸராஸு. இவர்கள் சேர்ந்து தொடங்கிய எந்த ஆட்டத்திலும் பிரான்ஸ் தோற்றதில்லை. அதே அரையிறுதியில், கடைசிக் கால் மணி நேரத்தை ஒட்டி, பிளானின் கை குரோஷியாவின் பிலிச்சின் முகத்தில் பட்டது. பட்ட இடத்துக்குப் பொருத்தமில்லாமல் பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், சிவப்பு அட்டை வந்தது. முப்பத்திரண்டு வயதில், சொந்த மண்ணில் நடந்த இறுதிப்போட்டியைப் பிளான் வெளியே உட்கார்ந்து பார்த்தார். தாக்குகிறவர் பத்து முறை தவறவிட்டு ஒருமுறை அடித்தால் கதாநாயகன். பின்னால் நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

சூகரின் கோலுக்குத் திரும்புகிறேன். துராம் ஏன் ஏறவில்லை? கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இத்தாலியின் பார்மா அணியில் அவர் பின்வரிசையின் மையத்தில் பழகிய ஆள். மையத்தில் நிற்பவருடைய உள்ளுணர்வு ஆபத்து வந்தால் பின்னால் இறங்குவது, மற்றவருக்கு அரணாக நிற்பது. பிரான்சுக்கோ பிளானும் டெசாயியும் மையத்தை எடுத்துக்கொண்டதால் அவரை வலது ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவருக்கு அது விருப்பமான இடம் இல்லை, அதை ஒளித்ததும் இல்லை. நால்வர் வரிசையில் ஓரத்து ஆள் மற்றவர்களோடு சேர்ந்து ஏறியே ஆக வேண்டும். காக்க வேண்டும் என்ற பழக்கம் அரை எட்டு அதிகமாக வேலை செய்ததால்தான் அந்தக் கோல் வந்தது என்பது என் ஊகம். தனக்கு உரியதல்லாத இடத்தில் நிறுத்தப்பட்ட ஒருவரின் பிழை அது. அந்த இடத்திலேயே நின்று அந்தத் தொடரின் மூன்றாவது சிறந்த வீரருக்கான வெண்கலப் பந்தையும் வாங்கினார். முதலிரண்டும் பிரேசிலின் ரொனால்டோவுக்கும் சூகருக்கும் போயின.

எந்த இடம் யாருக்கு உரியது என்ற கேள்வி அவருக்கு மைதானத்தில் தொடங்கியது அல்ல. 1972 ஜனவரி 1 அன்று குவாதலூப் தீவின் புவாந்த்-ஆ-பித்ர் நகரில் பிறந்தவர். கரும்புக்காடு சூழ்ந்த ஆன்ஸ்-பெர்த்ரானில் வளர்ந்தார். தீவு கரீபியக் கடலில் இருக்கிறது. சட்டப்படி அது பிரான்ஸ். புவாந்த்-ஆ-பித்ர் என்ற பெயரைக் கேட்டால் நமக்கும் ஏதாவது நினைவு வர வேண்டும். 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் தோட்ட முதலாளிகள் இந்தியாவைப் பார்த்தார்கள். 1854 டிசம்பரில் ஓரேலி என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக, போனார்கள். அதில் பெரும்பகுதி தமிழர். அங்கே இன்றும் மாரியம்மன் இருக்கிறாள். அவர்களின் வாரிசான ஹென்றி சிதம்பரம், நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. அந்தத் தீவில் ‘நீ யார்’ என்ற கேள்வி பலருக்கும் பல நிறத்தில் வந்திருக்கிறது.

துராமுக்கு அது ஒன்பது வயதில் வந்தது. ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய், முதலில் தான் மட்டும் பாரிஸ் பக்கம் போய் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை தேடிக்கொண்டு, பிறகு பிள்ளைகளை வரவழைத்தார். அங்கே பள்ளி. அப்போது தொலைக்காட்சியில் நுவாரோட் என்றொரு கறுப்புப் பசு வரும் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. எந்நேரமும் புலம்பும் மந்தப் பசு. வகுப்புப் பையன்கள் அந்தப் பெயரை இவருக்குச் சூட்டினார்கள். வீட்டுக்குப் போய் ஏன் இப்படி என்று கேட்டபோது தாயிடம் விளக்கம் இல்லை. சனங்கள் அப்படித்தான், அது மாறாது என்ற பொருளில் ஏதோ சொல்லி முடித்துவிட்டார். இந்தச் சம்பவத்தை அவர் பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். குவாதலூப்பில் இருந்தவரை தான் கறுப்பன் என்று தனியாக நினைத்ததே இல்லை, பிரான்சுக்கு வந்துதான் கறுப்பன் ஆனேன் என்பார். தாயின் பதில் போதவில்லை என்பதுதான் அவர் வாழ்வின் பின்பாதிக்கு உந்துதல் என்று நான் நினைக்கிறேன்.

அவருக்கு முன்னும் ஒரு குவாதலூப்காரர் பிரான்சின் பின்களத்தில் நின்றிருக்கிறார். மரியுஸ் த்ரெஸோர்; எழுபதுகளில் பிரான்ஸ் அணியின் தலைவராகவும் இருந்தவர். 1982 செவில் அரையிறுதியில், மேற்கு ஜெர்மனிக்கு எதிராக, கூடுதல் நேரம் தொடங்கியதும் வந்த ஃப்ரீ கிக்கை அந்தரத்திலேயே உதைத்து அவர் அடித்த கோலை இன்றும் பேசுகிறார்கள். அவரையும் பின்களத்தில் செய்ததற்காக யாரும் பேசுவதில்லை. 3-1 வரை முன்னேறிய பிரான்ஸ் அந்த ஆட்டத்தைப் பெனால்டியில் இழந்தது. அதன் தேதி: ஜூலை 8. பதினாறு ஆண்டு கழித்து அதே தேதியில், அதே கட்டத்தில், அதே தீவின் இன்னொரு பின்கள வீரர். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது போதும். நான் இதிலிருந்து ஒன்றும் சொல்ல வரவில்லை, சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

தொழில் வாழ்க்கையின் வரைபடம் சுருக்கமானது. ஆர்சென் வெங்கர் பயிற்சியாளராக இருந்த மொனாகோவில் தொடங்கி, 1996இல் பார்மா. அங்கே கோலில் புஃபோன், பக்கத்தில் ஃபாபியோ கன்னவாரோ. 1999இல் மாஸ்கோவில் மார்செயை 3-0 என வென்று யூஃபா கோப்பை. 2001இல் புஃபோனும் அவரும் ஒரே கோடையில் யுவெண்டசுக்குப் போனார்கள். லீக் பட்டங்கள் வந்தன. 2003இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் மிலானிடம் பெனால்டியில் தோல்வி. 2006இல் ஆட்ட நடுவர்களை வளைத்த ஊழல் வெடித்து யுவெண்டஸ் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டபோது பார்சலோனா. நடுவில் 2000இல் ஐரோப்பியக் கோப்பை. 2002இல் ஒரு கோல்கூட அடிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறிய அவமானம். இவை எல்லாம் எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் கிடைக்கும்.

கிடைக்காதது பார்மாவில் நடந்த ஒன்று. இத்தாலிய அரங்குகளில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்கொலி எழுப்புவது அன்றும் வழக்கம், இன்றும் ஒழியவில்லை. பார்மாவின் சொந்த ரசிகர்களே எதிரணிக் கறுப்பினத்தவர்களை இழித்துப் பாட்டுக் கட்டியபோது துராம் அதைத் தன்னைப் பார்த்துப் பாடியதாக எடுத்துக்கொண்டார். உன்னைச் சொல்லவில்லையே, நீ நம்ம ஆள் என்று சமாதானம் சொல்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவருக்கு அந்த விலக்கு தேவைப்படவில்லை. தனக்கு மட்டும் கொடுக்கப்படும் மரியாதையை ஏற்றுக்கொள்ள மறுப்பது பெரிய ஒழுக்கம். பெரும் சம்பளம் வாங்கும் விளையாட்டு வீரரிடம் அது அரிதினும் அரிது.

பிரான்சிலும் அதே கதை, வேறு உடையில். 1996இல் தேசிய முன்னணியின் ழான்-மரி லெ பென், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அதற்குப் பிரெஞ்சு அணி என்று பேர் வைப்பது போலித்தனம், பலர் தேசிய கீதத்தைக்கூடப் பாடுவதில்லை என்றார். இரண்டு ஆண்டில் அதே அணி கோப்பையை எடுத்ததும் ஷான்ஸ்-எலிசே வீதியில் பத்து லட்சம் பேர் கூடினார்கள். நிறம் மறந்த நாடு பிறந்துவிட்டதாகத் தலையங்கங்கள் வந்தன. துராம் அதை நம்பவில்லை என்பது அவருடைய பிற்காலப் பேச்சுகளிலிருந்து தெரிகிறது. 2005 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சார்கோஸி புறநகர் இளைஞர்களைக் கழிசடைகள் என்று அழைத்தார். அடுத்த சில நாட்களில் க்ளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்தில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். புறநகர்கள் வாரக்கணக்கில் எரிந்தன. அந்த நவம்பரில், அணியில் இருந்துகொண்டே, துராம் பதில் சொன்னார். நானும் புறநகரில் வளர்ந்தவன். அந்தச் சொல் என்னையும் சேர்த்துத்தான் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு காஷானில் தங்கியிருந்த கட்டடத்திலிருந்து போலீசால் வெளியேற்றப்பட்ட குடும்பத்தினரை அவரும் பட்ரிக் வியெராவும் பிரான்ஸ்-இத்தாலி ஆட்டத்துக்குத் தங்கள் செலவில் அழைத்தார்கள். அமைச்சர்கள் முகம் சுளித்தார்கள்.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது என்று என்னைக் கேட்டால் 1998ஐச் சொல்ல மாட்டேன். 2006 ஜூலை 5, மியூனிக், போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதி. 2004இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டு, அடுத்த ஆண்டு ஜிதானோடும் மக்கெலேலேயோடும் திரும்பி வந்திருந்தார். வயது முப்பத்து நான்கு. கடைசியில் தனக்கு வேண்டிய மைய இடத்தில், பக்கத்தில் கலாஸ். இவரும் பெற்றோர் வழியில் குவாதலூப்காரர். முதல் பாதியிலேயே ஜிதானின் பெனால்டியால் பிரான்ஸ் முன்னிலை. மீதி ஒரு மணி நேரம் போர்ச்சுகல் அலை அலையாக வந்தது. இளம் ரொனால்டோ, ஃபிகோ, டெகோ. துராம் ஓடவே இல்லை என்று தோன்றும். பந்து வந்து சேரும் இடத்தில் முன்கூட்டியே நின்றிருந்தார். தலையால் தள்ளினார், உடம்பைக் குறுக்கே வைத்தார், ஆளை ஓரத்துக்கு அனுப்பிவைத்தார். ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது. இதில் எந்த நொடியை வெட்டி எடுத்துப் போட்டாலும் ஒன்றும் விளங்காது. தொண்ணூறு நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரு கட்டுமானம் என்று தெரியும். அதே தொடரில் ஸ்பெயினுக்குப் பெனால்டி கொடுத்தவரும் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் கழித்து பெர்லினில் ஜிதானின் தலை இத்தாலியின் மத்தெராட்ஸியின் நெஞ்சில் மோதியது. அந்த இறுதிப்போட்டியில் வேறு யார் எப்படி ஆடினார்கள் என்பது உலகத்துக்கு மறந்துபோயிற்று. அந்த ஆண்டின் தங்கப் பந்து விருது கன்னவாரோவுக்குக் கிடைத்தது. பெக்கன்பவர், சாம்மர், கன்னவாரோ என்று அந்த விருதின் நீண்ட வரலாற்றில் பின்கள வீரர்கள் மூவர்தான்.

முடிவு அழகாக இல்லை. 2008 ஐரோப்பியக் கோப்பையில், பெர்ன் நகரில், நெதர்லாந்திடம் 4-1. முப்பத்தாறு வயதுக் கால்கள் ராபனின் பின்னால் ஓடித் தோற்றதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அதுவே அவருடைய 142ஆவது ஆட்டம். பிரெஞ்சு ஆண்கள் அணியில் அந்த எண்ணிக்கையைத் தாண்ட 2022 டிசம்பரில் கோல்கீப்பர் லோரிஸ் வரவேண்டியிருந்தது. பெர்னுக்குப் பிறகு பாரிஸ் அணியில் சேரப் பேச்சு நடந்தது. மருத்துவச் சோதனையில் இதயத்தில் கோளாறு தெரிந்தது. ஆகஸ்டில் விலகினார்.

அதே ஆண்டில் இனவெறிக்கு எதிரான கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2010இல் ‘என் கறுப்பு நட்சத்திரங்கள்’ என்று பொருள்படும் நூல் வந்தது; பள்ளியில் கறுப்பினத்தவரைப் பற்றி முதலில் படித்தது அடிமைகளாகத்தான், அதனால் பாடநூலில் இல்லாத முகங்களை வரிசைப்படுத்தினேன் என்றார். 2011 நவம்பரில் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சிக்குத் தலைமை ஏற்றார். ஐரோப்பா ஒரு காலத்தில் மனிதர்களைக் கூண்டிலும் வேலிக்குள்ளும் வைத்துக் காட்டிய வரலாறு அதன் பொருள். இதில் அவருக்கு மிக அருகில் ஒரு சாட்சி இருந்தார். 1998 அணியின் கிறிஸ்தியான் கரம்பெ நியூ கலிடோனியாவின் லிஃபூ தீவுக்காரர். 1931 காலனியக் கண்காட்சிக்காகப் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு பூங்காவில் நரமாமிசம் தின்பவர்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட கனாக் மக்களில் அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். அவர்களில் ஒரு பகுதியினரை ஜெர்மன் விலங்குக் காட்சிக்கு, முதலைகளுக்கு மாற்றாக அனுப்பியிருக்கிறார்கள். கரம்பெ தேசிய கீதம் பாடாமல் நின்றதற்குக் காரணம் கேட்டவர்கள் இந்தக் கதையைக் கேட்டதில்லை. பாரிசின் அதே பூங்காவில் 1883இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த மனிதர்களையும் காட்டினார்கள் என்பதை நாமும் நினைவில் வைக்கலாம்.

இவ்வளவும் சொல்லி அவரை மகானாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் பிரெஞ்சு வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பேருந்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அணித் தலைவர் பட்ரிஸ் எவ்ரா. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் குழுவில் இருந்த துராம், எவ்ராவுக்கு மிகக் கடுமையான தண்டனை கேட்டு நின்றார்; இனி அவன் அந்தச் சட்டையே அணியக் கூடாது என்ற அளவுக்கு. எவ்ரா அதை மறக்கவில்லை. கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அடிமைமுறை பற்றிய புத்தகத்தோடு திரிந்தால் மால்கம் எக்ஸ் ஆகிவிட முடியாது என்று பின்னர் தொலைக்காட்சியில் குத்தினார். குத்து கொச்சையானது, ஆனாலும் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த அணியை அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் புறநகர்க் கும்பல் என்று வர்ணித்துக்கொண்டிருந்த நேரம். 2005இல் அந்தச் சொல்லின் எடையை எல்லோரையும்விட நன்றாக உணர்ந்தவர், 2010இல் சட்டையின் மரியாதை என்ற பக்கம் நின்றார். வரிசை கலைந்தால் அவருக்குப் பொறுக்காது. பின்கள வீரரின் ஒழுங்கு அது. வெளியே அதுவே சில நேரம் இறுக்கமாகிவிடுகிறது. 2019இல் கறுப்பின வீரர் லுக்காக்குவைப் பார்த்து இத்தாலியின் கலியாரி அரங்கில் குரங்கொலி எழுந்தபோது, வெள்ளையர் தங்களை உயர்ந்தவர்களாக நினைக்கும் பழக்கத்திலிருந்து வருவது இது என்றார். இனவெறி எதிர்ப்பு அமைப்புகளே பொதுமைப்படுத்துகிறார் என்று சண்டைக்கு வந்தன. அவர் பின்வாங்கவில்லை, அடுத்த ஆண்டு அதே பொருளில் ‘வெள்ளைச் சிந்தனை’ என்றொரு முழு நூலே எழுதினார். அந்த விவாதத்தில் நான் அவர் பக்கம்.

மகன்கள் இருவரும் இத்தாலியில் பிறந்தவர்கள், இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். மூத்தவருக்குக் கறுப்பினத் தலைவர் மார்க்குஸ் கார்வியின் நினைவாக மார்க்குஸ். இளையவருக்கு எகிப்திய மன்னன் பெயரில் கெஃப்ரென். ஒருவரும் பின்களத்துக்குப் போகவில்லை. கெஃப்ரென் நடுக்களம், தந்தை ஆடிய யுவெண்டசில். மார்க்குஸ் இன்டர் மிலானின் முன்கள ஆட்டக்காரர்.

2024 ஜூனில் ஐரோப்பியக் கோப்பைக்காக ஜெர்மனியில் பிரெஞ்சு அணி கூடியிருந்தபோது நாட்டில் திடீர்த் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. லெ பென் தொடங்கிய அதே கட்சி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, ஆட்சியின் வாசலில் நின்றது. ஆட்டத்தைப் பற்றிக் கேட்கக் கூடிய செய்தியாளர்களிடம் மார்க்குஸ் துராம், அந்தக் கட்சி வராமல் தடுக்க அன்றாடம் போராட வேண்டும் என்று பேர் சொல்லியே பேசினார். கூட்டமைப்பு உடனே ஓர் அறிக்கை விட்டது: கருத்துச் சுதந்திரத்தை மதிக்கிறோம், ஆனால் தேசிய அணியை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தத் தொடரில் பிரான்ஸ் அரையிறுதிவரை போனது. அதுவரை எதிரணி தனக்குத்தானே போட்டுக்கொண்ட இரண்டு கோல்களும் ஒரு பெனால்டியும்தான் அதன் கணக்கில் இருந்தன. வாங்கியதும் ஒரே ஒரு பெனால்டி. பின்களமே தோளில் சுமந்துகொண்டு போன அணி. மார்க்குஸ் கோல் ஏதும் அடிக்கவில்லை. பத்திரிகைகளில் அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் ஓடியது, இந்த அணிக்கு ஏன் கோல் வரவில்லை என்ற பேச்சுதான்.